ரேடியேட்டரில் விசிறி பொருத்துதல்: திருகாணியைத் தொடுவதற்கு முன்னும் பின்னும்

மேசைக் கணினிக்கு ஏஐஓ எனப்படும் மூடிய திரவக் குளிர்விப்பானை வாங்குகிறவர்களின் கவலை பெரும்பாலும் பம்ப்பைச் செயலியின் மேல் சரியாக உட்கார வைப்பதிலும் வெப்பப் பசையைப் பூசுவதிலுமே நின்றுவிடுகிறது. செயலியின் வெப்பத்தைத் திரவம் சுமந்துகொண்டு வருவது பாதி வேலைதான். சுமந்து வந்த வெப்பத்தைக் காற்றில் இறக்கிவைக்கும் மீதிப் பாதி ரேடியேட்டரிலும் அதன் மேல் நாம் பொருத்தும் விசிறிகளிலும் இருக்கிறது. அந்த விசிறிகள் திசை மாறியோ தளர்வாகவோ பொருத்தப்பட்டிருந்தால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய அமைப்பும் இரைச்சலை மட்டுமே தரும். திருகாணி அளவுக்கு மீறி உள்ளே போய்விட்டால் ரேடியேட்டரே ஓட்டையாகி, திரவம் கிராஃபிக்ஸ் கார்டின் மேல் சொட்டும். ஆகவே, காற்று எந்தப் பக்கம் போக வேண்டும், திருகாணி எவ்வளவு உள்ளே போகலாம் என்ற இரண்டையும் கையில் ஸ்க்ரூடிரைவரை எடுப்பதற்கு முன்பே முடிவு செய்துவிட வேண்டும். 27 மி.மீ. தடிமனுள்ள 360 வகை ரேடியேட்டரையும் 25 மி.மீ. தடிமனுள்ள மூன்று 120 மி.மீ. விசிறிகளையும் எடுத்துக்காட்டாகக் கொண்டு இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். மற்ற அளவுகளுக்கும் இதே முறைதான்.

அளவும் இடமும்

360 என்பது ரேடியேட்டரின் நீளம் அல்ல. வரிசையாக வைக்கப்படும் மூன்று 120 மி.மீ. விசிறிகளின் கூட்டு அளவு. இரு முனைகளிலும் உள்ள திரவத் தொட்டிகளைச் சேர்த்தால் உண்மையான நீளம் 400 மி.மீ.யை நெருங்கும். கோர்சேர் நிறுவனத்தின் 360 வகை ரேடியேட்டர்களில் பல 397 மி.மீ. நீளமும் 120 மி.மீ. அகலமும் 27 மி.மீ. தடிமனும் கொண்டவை. ஆர்க்டிக் லிக்விட் ஃப்ரீசர் 3 வரிசையில் 360 வகையின் நீளம் 398 மி.மீ.; தடிமன் 38 மி.மீ. விசிறியையும் சேர்த்தால் முன்னதற்கு 52 மி.மீ., பின்னதற்கு 63 மி.மீ. இடம் வேண்டும். கேபினெட்டின் விவரக் குறிப்பில் 360 ரேடியேட்டர் பொருந்தும் என்று போட்டிருந்தாலும், இந்தத் தடிமனுக்கு மேற்கூரைக்கும் மதர்போர்டின் மேல் விளிம்புக்கும் இடையில் இடம் இருக்கிறதா என்று அளவுகோலை வைத்துப் பார்ப்பதுதான் நம்பகமானது. ஒளிரும் ராம் பலகைகளில் சில 45 மி.மீ. உயரத்தைத் தாண்டுபவை என்பதால், மேலே பொருத்தும்போது விசிறியின் விளிம்பு முதலில் அவற்றில்தான் இடிக்கும்.

280, 420 ஆகிய வகைகள் 140 மி.மீ. விசிறிகளுக்கானவை. 120 மி.மீ. விசிறியின் திருகாணித் துளைகளுக்கு இடைப்பட்ட தூரம் 105 மி.மீ.; 140 மி.மீ. விசிறியில் அது 124.5 மி.மீ. ஒன்றின் இடத்தில் மற்றொன்றைப் பொருத்த முடியாது.

விசிறியைத் தேர்ந்தெடுக்கும்போது அது தள்ளும் காற்றின் அளவை மட்டும் பார்க்கக் கூடாது. ரேடியேட்டரில் மெல்லிய அலுமினியத் தகடுகள் நெருக்கமாக மடிந்து நிற்கின்றன. அவற்றின் ஊடே காற்றைச் செலுத்துவதற்கு அழுத்தம் வேண்டும். விவரக் குறிப்பில் நிலை அழுத்தம் என்ற பெயரில், நீரின் மி.மீ. அளவில் கொடுக்கப்படுவது இதுதான். நாக்டுவாவின் என்எஃப்-ஏ12எக்ஸ்25 விசிறிக்கு அது 2.34, ஆர்க்டிக் பி12 விசிறிக்கு 2.20. அதே நாக்டுவா தயாரிக்கும் என்எஃப்-எஸ்12ஏ, திறந்த இடத்தில் காற்றோட்டம் தருவதற்காக வடிவமைக்கப்பட்டது. அதன் அழுத்தம் 1.19 மட்டுமே. கேபினெட்டின் பின்பக்கத்துக்கு அது நல்ல விசிறி, ரேடியேட்டருக்கு ஏற்றதன்று. ஏஐஓவுடன் வரும் விசிறிகள் அழுத்தம் மிக்க வகையாகவே இருக்கும் என்பதால், அவை பழுதாகும் வரை மாற்ற வேண்டிய தேவை பலருக்கும் இல்லை.

காற்றின் திசை

விசிறியைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஒரு முகத்தில் இறக்கைகள் மறைப்பில்லாமல் தெரியும். மறு முகத்தில் மோட்டாரைத் தாங்குவதற்காக மூன்று அல்லது நான்கு கம்பிகள் குறுக்கே ஓடும். விசிறியின் மின்கம்பியும் அந்தப் பக்கத்திலிருந்துதான் வெளியே வரும். வழக்கமான விசிறியில் காற்று திறந்த முகத்தால் உள்ளே சென்று, தாங்குகம்பிகள் உள்ள முகத்தால் வெளியேறும். பல விசிறிகளின் சட்டத்தில் இதைக் காட்டும் அம்புக்குறியும் பொறிக்கப்பட்டிருக்கும்: ஒரு குறி இறக்கை சுழலும் திசைக்கு, மற்றொன்று காற்று செல்லும் திசைக்கு. அண்மைக் காலத்தில் தலைகீழ் இறக்கை விசிறிகளும் விற்பனைக்கு வந்துவிட்டன. தாங்குகம்பிகள் கண்ணில் படாமல் அழகான முகம் வெளியே தெரிய வேண்டும் என்பதற்காக அவை எதிர்த்திசையில் காற்றைத் தள்ளும்படி செய்யப்படுகின்றன. எனவே அம்புக்குறி இல்லாத விசிறியைச் சில நொடிகள் ஓட விட்டு, மெல்லிய காகிதத் துண்டை அருகே பிடித்துப் பார்த்துவிடுவது நல்லது.

விசிறி ரேடியேட்டருக்கு முன்னால் நின்று காற்றைத் தகடுகளுக்குள் தள்ளலாம். பின்னால் நின்று தகடுகளின் வழியே இழுக்கவும் செய்யலாம். குளிர்ச்சியில் இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடு மிகச் சிறியது. பராமரிப்பில்தான் பெரிய வேறுபாடு தெரிகிறது. தள்ளும் முறையில் தூசி விசிறிக்கும் தகடுகளுக்கும் நடுவே படிந்துவிடும். அதை எடுக்க விசிறியைக் கழற்ற வேண்டும். இழுக்கும் முறையில் தூசி ரேடியேட்டரின் வெளி முகத்தில் படிவதால், தூரிகையாலேயே தட்டி எடுத்துவிடலாம். இரு பக்கமும் விசிறி வைத்துத் தள்ளவும் இழுக்கவும் செய்யும் முறை தடித்த ரேடியேட்டர்களுக்கு உரியது. 27 மி.மீ. ரேடியேட்டருக்கு அதைச் செய்வது, கிடைக்கும் பயனுக்கு மிகையான செலவு என்பதே என் கருத்து.

மேலேயா, முன்னாலா?

முன்பக்கத்தில் வைத்தால் ரேடியேட்டருக்கு அறையின் காற்று நேரடியாகக் கிடைக்கும். செயலி சற்றுக் குளிர்ந்திருக்கும். ஆனால் அங்கே சூடேறிய காற்று கேபினெட்டுக்குள் வந்து கிராஃபிக்ஸ் கார்டின் மேல் படும். மேலே வைத்து, காற்றை வெளியே அனுப்பினால் நிலைமை தலைகீழாகும்: கிராஃபிக்ஸ் கார்டு விடும் சூடான காற்றே ரேடியேட்டரின் வழியாகப் போகும், ஆனால் வெப்பம் உள்ளே தங்காது. விளையாட்டுக்காகக் கட்டப்படும் கணினிகளில் செயலியை விட அதிக மின்சாரத்தை எடுப்பது பெரும்பாலும் கிராஃபிக்ஸ் கார்டுதான். அவற்றுக்கு மேற்கூரையில் வைத்து வெளியேற்றுவதையே நான் பரிந்துரைக்கிறேன். காணொளி தொகுத்தல், பெரிய நிரல்களைத் தொகுத்தல் (கம்பைல் செய்தல்) போன்ற வேலைகளில் செயலியே மணிக்கணக்கில் முழுச் சுமையில் ஓடுமானால் முன்பக்கம் பொருத்தமாக இருக்கும்.

எங்கே வைத்தாலும் மீறக் கூடாத விதி ஒன்று உண்டு. மூடிய அமைப்பில் சிறிதளவு காற்று எப்போதும் இருக்கும். ரப்பர்க் குழாய்களின் சுவர் வழியே திரவம் மிக மெதுவாகக் கசிந்து ஆவியாவதால், ஆண்டுகள் செல்லச் செல்ல அந்தக் காற்றின் அளவு கூடும். காற்று எப்போதும் அமைப்பின் மிக உயரமான இடத்தில் போய்த் தேங்கும். அந்த இடம் பம்ப்பாக இருந்தால் கடகடவென்ற ஓசையும் பம்ப்பின் தேய்மானமும் உறுதி. ஆகவே ரேடியேட்டரின் மேல் முனைத் தொட்டியாவது பம்ப்பை விட உயரத்தில் இருக்க வேண்டும். மேற்கூரையில் வைத்தால் இது தானாகவே நிறைவேறும். முன்பக்கத்தில் செங்குத்தாக வைக்கும்போது மேல் விளிம்பு பம்ப்பைத் தாண்டி நிற்கிறதா என்று பாருங்கள். குழாய்கள் எட்டினால் அவை இணையும் முனையைக் கீழ்ப்பக்கம் வைப்பது இன்னும் நல்லது, ஏனெனில் மேலே தேங்கும் காற்று குழாய்க்குள் இழுபடாது. கேபினெட்டின் தரையில் ரேடியேட்டரைப் படுக்க வைப்பதைத் தவிர்க்க வேண்டும்.

திருகாணியின் நீளம்

இந்த வேலையில் திரும்பப் பெற முடியாத சேதம் நேரக்கூடிய இடம் இதுதான் என்பதால் சற்று நின்று பார்ப்போம். பெட்டியில் இரண்டு நீளத்தில் திருகாணிகள் இருக்கும். குட்டையானவை ரேடியேட்டரைக் கேபினெட்டின் தகட்டோடு நேரடியாகப் பிணைப்பதற்கு; நீளமானவை விசிறியின் ஊடே சென்று ரேடியேட்டரில் இறங்குவதற்கு. நீளமானது பொதுவாக 30 மி.மீ. இருக்கும்: 25 மி.மீ. விசிறிக்குப் போக, 5 மி.மீ. மட்டும் ரேடியேட்டரின் சட்டத்துக்குள் செல்லும். சட்டத்தின் துளைக்கு நேர் கீழே, சில மி.மீ. தொலைவில், திரவம் ஓடும் தட்டையான குழல் இருக்கும். அதன் சுவர் மிக மெல்லியது.

இப்போது கணக்கைப் போட்டுப் பாருங்கள். இட நெருக்கடிக்காக 15 மி.மீ. தடிமனுள்ள மெல்லிய விசிறியை வாங்கி, பெட்டியில் இருந்த அதே 30 மி.மீ. திருகாணியைப் போட்டால் 15 மி.மீ. உள்ளே இறங்கும், குழல் ஓட்டையாகிவிடும். அந்த விசிறிக்கு 20 மி.மீ. திருகாணி வேண்டும். ஃபேன்டெக்ஸ் டி30 போன்ற 30 மி.மீ. விசிறிக்கு 35 மி.மீ. வேண்டும், அங்கே 30 மி.மீ. திருகாணி ரேடியேட்டரை எட்டவே எட்டாது. இதே காரணத்தால், நீளத் திருகாணியை விசிறியில்லாமல் ரேடியேட்டரில் நேரடியாக ஏற்றவே கூடாது. துளையின் ஓரமாக எட்டிப் பார்த்து, குழலுக்கும் துளைக்கும் நடுவே பாதுகாப்புத் தகடு இருக்கிறதா என்று அறிந்துகொள்ளலாம். சில ரேடியேட்டர்களில் இருக்கும், சிலவற்றில் இருக்காது. இருந்தாலும் அதை நம்பித் திருகாணியை அழுத்த வேண்டாம்.

நீளத்தை அடுத்து மரை. பல ஏஐஓக்களில் 6-32 எனப்படும் அங்குல அளவு மரையும், தனியாக விற்கப்படும் ரேடியேட்டர்கள் பலவற்றில் எம்3 மரையும் இருக்கும். 6-32 திருகாணியின் விட்டம் ஏறத்தாழ 3.5 மி.மீ.; மரைக்கு மரை உள்ள இடைவெளி ஏறத்தாழ 0.8 மி.மீ. எம்3க்கு விட்டம் 3 மி.மீ.; இடைவெளி 0.5 மி.மீ. எம்3 திருகாணியை 6-32 துளையில் விட்டால் பிடிமானம் இல்லாமல் ஆடும். 6-32 திருகாணியை எம்3 துளையில் திணித்தால் அரைச் சுற்றிலேயே இறுகும். அதற்கு மேல் திருகினால் அலுமினியச் சட்டத்தின் மரை அழிந்துவிடும். பழைய கணினியிலிருந்து எடுத்த திருகாணிகளைக் கலந்து வைத்திருப்பவர்கள், விரல்களாலேயே இரண்டு மூன்று சுற்று எளிதாகச் செல்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ஸ்க்ரூடிரைவரைப் பயன்படுத்த வேண்டும். பிளாஸ்டிக்கைத் தானே வெட்டிக்கொண்டு செல்லும், கேபினெட் விசிறிகளுக்கான தடித்த குட்டைத் திருகாணிகளுக்கு ரேடியேட்டரில் இடமே இல்லை.

பொருத்தும் வேலை

மேற்கூரையில் தள்ளும் முறையில் வைப்பதாகக் கொள்வோம். அப்போது மேலிருந்து கீழாகக் கூரைத் தகடு, ரேடியேட்டர், விசிறிகள் என்ற அடுக்கு அமையும். விசிறிகளைக் கணினிக்கு வெளியிலேயே, மேசையின் மேல் ரேடியேட்டரில் பூட்டிவிட்டு, முழுத் தொகுதியையும் மேலே ஏற்றலாம். அதற்கு முன் கேபினெட்டுக்குள் முடிக்க வேண்டிய ஒரு வேலை இருக்கிறது: மதர்போர்டின் இடது மேல் மூலையில் செருகும் செயலியின் 8 முனை மின்கம்பி. ரேடியேட்டர் ஏறிய பின் அங்கே விரல் நுழையாது. மதர்போர்டின் மேல் விளிம்பில் விசிறிக் கம்பிகளைச் செருகும் முனைகளுக்கும் இதே நிலைதான் என்பதால், நீட்டிப்புக் கம்பியையோ, ஒரு முனையில் பல விசிறிகளைச் சேர்க்கும் பிரிப்பானையோ முன்கூட்டியே செருகி வைத்துவிடுங்கள்.

ஏஐஓ வந்த அட்டைப் பெட்டியைக் கவிழ்த்து, அதன் மேல் ரேடியேட்டரை வையுங்கள். கல் மேசையில் வைத்தால் தகடுகள் நசுங்கும். நசுங்கிய இடத்தில் காற்று போகாது. குழாயைப் பிடித்துத் தூக்க வேண்டாம். பம்ப்பின் அடியில் ஏற்கெனவே பசை பூசியிருந்தால், அதன் மூடியைக் கடைசி வரை எடுக்காமல் வைத்திருங்கள்.

விசிறிகளை அவற்றின் இடத்தில் வெறுமனே அடுக்கிப் பார்த்து, கம்பி வெளிவரும் மூலையை முடிவு செய்யுங்கள். மூன்று விசிறிகளின் கம்பிகளும் மதர்போர்டின் பக்கமாக, ஒரே ஓரத்தில் வரும்படி சுழற்றி வைத்தால், பிறகு அவற்றைச் சுவருக்குப் பின்னால் மறைப்பது எளிது. மேசையில் ரேடியேட்டர் தலைகீழாக இருப்பதால் இடதும் வலதும் மாறித் தோன்றும் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு முறை கேபினெட்டின் கூரையில் பிடித்துப் பார்த்து உறுதி செய்வதில் தவறில்லை. கம்பி விசிறியின் சட்டத்துக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே நசுங்காமல், சட்டத்தில் அதற்கென வெட்டியிருக்கும் பள்ளத்தில் படிய வேண்டும்.

இனித் திருகாணிகள். ஒரு விசிறியின் நான்கு மூலைகளிலும் திருகாணியை விரல்களால் சில சுற்று ஏற்றுங்கள். எதையும் இறுக்க வேண்டாம். ஒன்றை முதலிலேயே முழுவதும் இறுக்கிவிட்டால் எதிர் மூலைத் துளை நேருக்கு நேர் வராமல் விலகி நிற்கும். நான்கும் பிடித்த பிறகு, கார் சக்கரத்தின் நட்டுகளை முடுக்குவது போல எதிரெதிர் மூலைகளாகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள். தண்டு நீண்ட, காந்தமுள்ள, 2ஆம் எண் நட்சத்திர முனை ஸ்க்ரூடிரைவர் இதற்கு வசதியானது. மின்சார ஸ்க்ரூடிரைவர் வேண்டாம், எங்கே நிற்பது என்பதைக் கைதான் உணர வேண்டும். திருகாணியின் தலை சட்டத்தைத் தொட்டு நின்றதும் கால் சுற்று போதும். மூலைகளில் ரப்பர் பட்டை வைத்த விசிறிகளில் அந்த ரப்பர் சற்று அமுங்கியதும் நிறுத்திவிடுங்கள். சில விசிறிகளின் மூலைகளில் முன் விளிம்புக்கும் பின் விளிம்புக்கும் நடுவே வெற்றிடம் இருக்கும். அவற்றை அளவுக்கு மீறி இறுக்கினால் சட்டம் வளைந்து, இறக்கையின் நுனி சட்டத்தில் உரசி டிக் டிக்கென்று ஒலி வரும். ஒவ்வொரு விசிறியையும் பொருத்தி முடித்ததும் விரலால் மெல்லச் சுழற்றிப் பாருங்கள். தடையின்றிச் சுற்றி, தானாக நிற்க வேண்டும். சட்டத்துக்கும் ரேடியேட்டருக்கும் இடையில் வெளிச்சம் தெரிகிறதா என்றும் பாருங்கள். தெரிந்தால், தகடுகளுக்குள் போக வேண்டிய காற்று அந்தச் சந்தின் வழியாக வீணாகிறது என்று பொருள்.

மூன்றும் முடிந்ததும் தொகுதியை ஒரு கையால் கூரையில் தாங்கிப் பிடித்து, குட்டைத் திருகாணிகளை மேலிருந்து போடுங்கள். கூரையில் நீள்துளைகள் இருந்தால் வாஷர் சேர்க்க வேண்டும். இங்கும் எல்லாத் திருகாணிகளையும் தளர்வாக ஏற்றிய பிறகே முடுக்க வேண்டும். அதற்குள் ராம் பலகையிலிருந்து விலகும்படி தொகுதியை வெளிப்பக்கம் நகர்த்திச் சரிசெய்துகொள்ளலாம். முன்பக்கத்தில் விசிறி வெளியே, ரேடியேட்டர் உள்ளே என்று வைக்கும்போது முறை மாறும்: நீளத் திருகாணி கேபினெட் தகடு, விசிறி, ரேடியேட்டர் என்ற வரிசையில் ஒரேயடியாக ஊடுருவும். அதை ஒருவர் தனியாகச் செய்வதை விட, இன்னொருவர் உள்ளே ரேடியேட்டரைத் தாங்கிப் பிடிப்பது நல்லது.

கம்பிகளை இணைத்தல்

நான்கு முனை விசிறிக் கம்பியில் ஒன்று தரை, ஒன்று 12 வோல்ட், மூன்றாவது சுழற்சி வேகத்தைச் சொல்வது, நான்காவது வேகத்தைக் கட்டுப்படுத்தும் குறிகை. மூன்று விசிறிகளையும் பிரிப்பான் மூலம் ஒரே முனையில் சேர்க்கலாம். மதர்போர்டின் விசிறி முனைகள் வழக்கமாக 1 ஆம்பியர் வரை தாங்கும். விசிறியின் ஒட்டுத்தாளில் உள்ள ஆம்பியரைக் கூட்டிப் பார்த்து அதற்குள் இருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். பிரிப்பானின் ஒரே ஒரு கிளை மட்டுமே வேகத்தைத் திருப்பிச் சொல்லும், எனவே திரையில் ஒரே விசிறியின் வேகம் தெரிவது பழுது அன்று.

பொதுவாக விசிறிகளைச் சிபியூ ஃபேன் என்று அச்சிட்ட முனையிலும், பம்ப்பை ஏஐஓ பம்ப் என்ற முனையிலும் செருக வேண்டும். சிபியூ ஃபேன் முனை வெறுமையாக இருந்தால் பல மதர்போர்டுகள் தொடக்கத்திலேயே பிழைச் செய்தி காட்டி நின்றுவிடும். ஒளிரும் விசிறிகளின் விளக்குக் கம்பியில் கூடுதல் கவனம் வேண்டும்: 5 வோல்ட், மூன்று முனையுள்ள விளக்குக் கம்பியை 12 வோல்ட் முனையில் செருகினால் விளக்குகள் கருகிவிடும்.

ஓட்டமும் பராமரிப்பும்

முதல் முறை இயக்கியதும் பயாஸ் எனப்படும் மதர்போர்டின் அமைப்புத் திரைக்குள் சென்று பம்ப்பின் வேகமும் விசிறியின் வேகமும் தெரிகின்றனவா என்று பாருங்கள். கூரைக்கு மேலே மெல்லிய காகிதத்தைப் பிடித்தால் அது மேலெழ வேண்டும்.

விசிறியின் வேகத்தைச் செயலியின் வெப்பநிலையோடு நேரடியாகக் கட்டிவைத்தால், ஒரு மென்பொருளைத் திறக்கும் நொடியில் வெப்பநிலை 20 பாகை எகிறுவதும் விசிறி சீறுவதும் அடங்குவதுமாக இருக்கும். திரவமோ அவ்வளவு வேகமாகச் சூடேறாது. ரேடியேட்டரின் விசிறி கவனிக்க வேண்டியது திரவத்தைத்தான். திரவத்தின் வெப்பநிலையைச் சொல்லும் ஏஐஓவாக இருந்தால் அதையே அடிப்படையாக வையுங்கள். இல்லையென்றால் பயாஸில் விசிறி வேகம் ஏறுவதற்கான தாமதத்தை உயர்த்தி, 60 பாகை வரை ஏறத்தாழ 45 விழுக்காடு, 75 பாகையில் 70 விழுக்காடு, 85 பாகையில் முழு வேகம் என்று தொடங்கி, காதுக்கு ஏற்பத் திருத்திக்கொள்ளலாம். பம்ப்பை மாறாத வேகத்தில் ஓட விடுங்கள். திரவம் அறையின் வெப்பநிலைக்குக் கீழே ஒருபோதும் போகாது. கோடையில் அறை 35 பாகையாக இருக்கும்போது, மார்கழியில் பார்த்த எண்களைத் திரையில் எதிர்பார்க்க வேண்டாம். அந்த வேறுபாட்டுக்காக விசிறிகளைக் கழற்றி மாட்டுவதும் தேவையில்லை.

தூசி நிறைந்த வீடுகளில் சில மாதங்களுக்கு ஒரு முறை தகடுகளைப் பாருங்கள். காற்றூதியால் ஊதும்போது இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். காற்றின் வேகத்தில் விசிறி தன் அளவுக்கு மீறிச் சுற்றினால் அதன் தாங்கி (பேரிங்) தேயும், மோட்டார் மின்னாக்கியாக மாறி இணைப்பில் மின்னழுத்தத்தையும் உண்டாக்கும். தள்ளும் முறையில் பொருத்தியவர்கள் ஆண்டுக்கு ஒரு முறையாவது விசிறிகளைக் கழற்றித் தகடுகளின் உள் முகத்தைச் சுத்தம் செய்து, திரும்பப் பூட்டும்போது அதே திருகாணிகளையே அதே துளைகளில் பயன்படுத்த வேண்டும்.